வரப்போரத்து நீர்ப்பிரமி

கூத்தாநல்லூர் வயல்வெளியில் தண்ணீர் கசியும் வரப்படியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நீர்ப்பிரமி தரையோடு படர்ந்து கிடக்கும். கரண்டி வடிவில் தடித்த சின்ன இலைகள், எதிரெதிராக இரண்டிரண்டு. கணுவுக்குக் கணு வேர். வெள்ளையில் லேசாக ஊதா ஓடிய பூ. வாயில் போட்டால் நல்ல கசப்பு. நடவு வயலுக்குள் வந்துவிட்டால் களையோடு களையாகப் பிடுங்கி எறிவார்கள். சித்த மருத்துவர்களோ இதை மூளைக்கும் மனதுக்கும் உரிய மூலிகையாக வைத்திருக்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாக மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன ஊர் இது. அங்குள்ள சீன மருந்துக்கடைகளில் மனச்சோர்வுக்குத் தரும் ‘சியாவ்யாவ் சான்’, சீனாவின் சோங் அரசமரபுக் காலத்து மருந்துத் தொகுப்பிலேயே இடம்பெற்ற பழைய மருந்து. இஞ்சியும் அதிமதுர வகை ஒன்றும் அதில் சேரும். தலைமைச் சரக்கு ‘சாய்ஹு’ என்னும் வேர். அந்த வேருக்கும் நம் நீர்ப்பிரமிக்கும் ஓர் உறவு உண்டு: இரண்டிலும் வேலை செய்பவை சப்போனின் குடும்பத்து வேதிப்பொருட்கள். பூந்திக்கொட்டையில் நுரை வருவதும் சப்போனினால்தான்.

நீர்ப்பிரமியின் சப்போனின்களுக்குப் பாக்கோசைடு என்று பெயர். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் 1960களிலிருந்தே இவற்றை ஆராய்ந்தது. ஆனால் இவை சர்க்கரைத் துண்டுகள் ஒட்டிய பெரிய மூலக்கூறுகள். கண்டதையும் மூளைக்குள் விடாத இரத்த-மூளைத் தடுப்பை இவை எளிதில் தாண்டா. அப்புறம் எப்படி? குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை வெட்டி எடுத்துவிடுவதாகவும், மிஞ்சும் சிறு மூலக்கூறே மூளைக்குப் போவதாகவும் கருதுகிறார்கள். சாய்ஹுவின் சப்போனின்களையும் குடல் பாக்டீரியாக்கள் இப்படித்தான் உடைக்கின்றன. என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். மருந்தைப் பாதி தயாரிப்பது செடி, மீதியைத் தயாரிப்பது நம் வயிறு.

மூளைக்குள் என்ன நடக்கிறது? செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதுதான் மனச்சோர்வு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஆனால் மனச்சோர்வு மாத்திரை சில மணி நேரத்தில் செரட்டோனினைக் கூட்டினாலும் மனம் தெளியப் பல வாரம் ஆகிறது. ஆகவே இப்போது கவனம் நரம்பணுக்களின் கிளைப்பின் மீது திரும்பியிருக்கிறது. ஓயாத மன அழுத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் பெருகி, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியை வாட்டுகிறது. நரம்பணுக்களைப் பேணும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் குறைகிறது. தொடர்ந்து அழுத்தத்துக்கு ஆளாக்கிய எலிகளுக்கு நீர்ப்பிரமிச் சாறு கொடுத்தபோது அந்தப் புரதம் கூடியது. 2002-இல் வெளியான இன்னொரு எலி ஆய்வில் நீர்ப்பிரமியின் பலன் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

மனிதரிடம் சான்று இன்னும் மெல்லியது. அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வொன்றில் 65 வயது கடந்த 54 பேரில் ஒரு பாதியினருக்குத் தினம் 300 மில்லிகிராம் நீர்ப்பிரமி உலர்சாறும் மறு பாதியினருக்குப் போலி மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். சாறு சாப்பிட்டவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் இறங்கியது. ஆனால் அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர். எனவே மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது ஆபத்து. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வாய்க்காலில் இறங்கிப் பறிக்கவும் வேண்டாம். காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சிச் சேர்த்து வைக்கும் செடி இது. கழிவு கலந்த ஓடையில் வளர்ந்தது விஷமாகவும் இருக்கலாம். மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.