அடையாறு ஆதனூரில் தொடங்குகிறது

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அந்த இரவில் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் ஏறிய தண்ணீரில் பெரும்பங்கு அந்தத் தெருக்களில் பெய்த மழை அல்ல. மேற்கிலும் தெற்கிலும் பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்து, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து, அடையாற்றில் வந்து சேர்ந்த தண்ணீர் அது. வெள்ளம் புகுந்த தெருக்கள் சென்னை மாநகராட்சியின் பொறுப்பு. வெள்ளம் பிறந்த ஏரிகளோ மாநகராட்சி எல்லைக்கே வெளியே இருந்தன.

அடையாறு கூடுவாஞ்சேரிக்கு அருகே ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்குகிறது. முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர், மணப்பாக்கம் என்று வளைந்து வந்து, சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. நீளம் சுமார் 42 கி.மீ.தான். ஆனால் ஏறத்தாழ 200 ஏரிகளின் உபரிநீர் இதில் விழுகிறது. அவற்றில் பெரியது 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம். அங்கிருந்து 2015-இல் விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. 2018-இல் வெளியான தணிக்கைத் துறை அறிக்கையும் அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. மதகை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதே இரவில், திறந்து மூட ஷட்டர் எதுவும் இல்லாத சிறிய ஏரிகளும் கலங்கல் மேல் வழிந்து ஆற்றை நிரப்பிக்கொண்டிருந்தன. அவற்றின் போக்குக் கால்வாய்களில் எத்தனை வீட்டுமனைகளாகிவிட்டன என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஓர் ஆற்றுக்கோ ஓடைக்கோ தண்ணீர் தரும் நிலம் முழுவதையும் சேர்த்து வடிநிலம் என்கிறார்கள். ஒரு மேட்டின் இந்தப் பக்கம் பெய்யும் மழை அடையாற்றுக்கும், அந்தப் பக்கம் பெய்யும் மழை கூவத்துக்கும் போகும். அந்த மேடுதான் வடிநிலத்தின் எல்லை. வார்டு எல்லைக்கும் மாவட்ட எல்லைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வெள்ளத் தடுப்புக்கு உள்ளாட்சி திட்டம் போடும்போது இந்த எல்லையை வைத்துத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வார்டில் கட்டும் கால்வாய் அடுத்த வார்டின் வெள்ளமாக மாறிவிடும்.

சென்னை இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பாராட்டியே ஆக வேண்டும். 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ. ஆனது. அம்பத்தூர், மணலி, வளசரவாக்கம், பெருங்குடி போன்ற பகுதிகள் சேர்ந்தன. பல இடங்களில் மழைநீர் வடிகாலே இல்லை. அங்கெல்லாம் வார்டு வார்டாகக் கணக்குப் போடாமல், அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, கோவளம் என நான்கு வடிநிலங்களாகப் பிரித்து ஒருங்கிணைந்த திட்டம் வகுத்தார்கள். அடையாறு, கூவம் பகுதிகளுக்கு உலக வங்கியும், கோவளத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கியும், வடசென்னையின் கொசஸ்தலையாற்றுப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் தந்தன. கொசஸ்தலையாற்றுத் திட்டத்துக்கு மட்டும் 25.1 கோடி டாலர். அதில் 588 கி.மீ. புதிய வடிகால்கள், 175 கி.மீ. பழைய வடிகால்களின் சீரமைப்பு, நிலத்தடியில் நீர் இறங்குவதற்கான 23,000 தொட்டிகள் எல்லாம் அடக்கம்.

கோவளம் வடிநிலத்தில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடலோரக் குடியிருப்புகளில் வடிகால் கட்டும் வேலை தொடங்கியபோது, அங்கே குடியிருப்பவர்களே வேண்டாம் என்றார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அது மணல் பூமி. எவ்வளவு மழை பெய்தாலும் சிறிது நேரத்தில் மண்ணே குடித்துவிடும். அப்படி இறங்கும் நன்னீர்தான் கடல் உப்பு உள்ளே வராமல் தடுக்கிறது, கிணறுகளுக்கு ஊற்றாகவும் இருக்கிறது. அதைக் கான்கிரீட் கால்வாயில் திருப்பிக் கடலுக்கு அனுப்பினால் வெள்ளமும் குறையாது, கிணற்று நீரும் கெடும் என்பது அவர்கள் வாதம். சரியான வாதம். வடிநிலத் திட்டம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கால்வாய் வெட்டுவது அல்ல. களிமண்ணில் வடிகால் வேண்டும். மணலில் மண்ணை மூடாமல் விட்டாலே போதும். சதுப்பில் கை வைக்கவே கூடாது.

பள்ளிக்கரணையில் அந்தக் கைதான் வைக்கப்பட்டது. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்திருந்த சதுப்பு இது. மழைக்காலத்தில் தண்ணீர் வந்து காத்திருந்து, கடல் மட்டம் இறங்கியதும் நிதானமாக வெளியேற இடம் இருந்தது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்குமாடிகளும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. 2022-இல் எஞ்சிய பகுதியில் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் நீரில் நின்றன. தண்ணீர் தனது பழைய இடத்துக்கே வந்தது.

வடக்கே எண்ணூரிலும் இதே கதைதான், வேறு முகத்துடன். அதே புயல் மழையில் மணலி தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. வெள்ளநீர் எதை அள்ளிக்கொண்டு வருகிறது என்பதும் வடிநிலத் திட்டத்தின் பகுதிதான். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து முகத்துவாரமும் கழிமுகமும் குறுகிக் கிடந்தால், மேலே 588 கி.மீ. வடிகால் கட்டினாலும் கடைசியில் தண்ணீர் போக இடம் இருக்காது. வடிகால் வேலை கடலோரத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் தெருவில் தொடங்கித் தெருவிலேயே முடிகிறது.

ஏன் இப்படி? பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. தெருவோர வடிகால் மாநகராட்சிக்கு. பெரிய சாலைகள் சிலவற்றின் வடிகால் நெடுஞ்சாலைத் துறைக்கு. ஏரியும் ஆறும் நீர்வளத் துறைக்கு. கழிவுநீர் குடிநீர் வாரியத்துக்கு. எங்கே கட்டடம் எழலாம் என்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.). ஆவடியும் தாம்பரமும் இப்போது தனி மாநகராட்சிகள். அடையாற்றின் ஒரே ஓட்டத்தில் ஊராட்சி, நகராட்சி, இரண்டு மாநகராட்சிகள் என்று எத்தனை எல்லைகள்! 2021 நவம்பர் மழைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அமைந்த குழு 2023 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தது. இதுபோன்ற அறிக்கைகளை மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். எந்தக் கால்வாயை யார் எப்போது முடிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கேட்க முடியும்.

அமெரிக்காவின் டென்வர் வட்டாரம் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. 1965-இல் சவுத் பிளாட் ஆறு பெருவெள்ளமெடுத்து நகரைச் சீரழித்தது. 1969-இல் கொலராடோ சட்டமன்றம் பல நகரங்களையும் கவுண்டிகளையும் சேர்த்து ஒரே வடிகால் மற்றும் வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்தை உருவாக்கியது. சொத்து வரியில் ஒரு சிறு பங்கு அதற்குப் போகிறது. ஓடை எந்த நகரில் பிறந்து எந்த நகரில் முடிந்தாலும் திட்டம் ஒன்றே. வெள்ளம் வரக்கூடிய இடங்களின் வரைபடமும் ஒன்றே.

சென்னையிலும் அதற்கான கதவு திறந்திருக்கிறது. 2022-இல் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிந்தது. சென்னைக்கு வெள்ளம் அனுப்பும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட ஏரிகளில் மிகப் பல இப்போது சி.எம்.டி.ஏ. என்ற ஒரே குழுமத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. அங்கே புதிய லேஅவுட்டுக்கு அனுமதி தரும்போதே வெள்ளத்தின் அளவும் தீர்மானமாகிவிடுகிறது. ஒரு கிரவுண்டு நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர். மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கியது. சிமென்ட் போட்டு மூடிய பிறகு முழுவதும் தெருவுக்கு வருகிறது. மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாடு முழுவதும் கட்டாயமானது. ஆனால் ஒரு மனைப்பிரிவிலிருந்து வெளியே எவ்வளவு நீர் போகலாம், அதைத் தாங்கக் கீழே உள்ள ஏரிக்கு இடம் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்து, இல்லையென்றால் அனுமதி மறுக்கும் நடைமுறை உறுதியாக வேண்டும். வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் வருவாய்த் துறைப் புல வரைபடங்களில் இன்றும் இருக்கின்றன. அவற்றை எடுத்து, அளந்து, கல் நட்டால் பாதி வேலை முடியும்.

தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கே பெரும்பாலும் எழும் கோரிக்கை, எங்கள் தெருவுக்கு வடிகால் வேண்டும் என்பது. அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் வாசகர்கள் கேட்க வேண்டும். எங்கள் தெருத் தண்ணீர் எந்த ஏரிக்கு, எந்த ஆற்றுக்குப் போகிறது? அந்த வழி இன்று திறந்திருக்கிறதா? வரைபடத்தோடு பதில் தரும்படி கேளுங்கள். அந்தப் பதிலைச் சபையின் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.