கைத்துப்பாக்கியும் அதன் உறையும்

காவல் துறை அதிகாரி ஒருவரின் இடைவாரில் தொங்கும் கைத்துப்பாக்கி தன் ஆயுளில் சுடப்படும் நேரம் மிகச் சொற்பம். பயிற்சித் திடலில் அவ்வப்போது சிறிது நேரம் அது வேலை செய்யலாம். எஞ்சிய காலமெல்லாம் உறைக்குள்ளேயே கழிகிறது. ஆகவே ஆயுதத்தின் எஃகு எவ்வாறு தேய்கிறது, எவ்வாறு துருப்பிடிக்கிறது என்பதை அறிய விரும்புவோர், அதைச் சூழ்ந்திருக்கும் உறை எப்பொருளால் ஆனது என்பதையும் நோக்கவேண்டும். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 2016-ம் ஆண்டு விதிகள், உரிமம் பெற்றவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த உறையிலோ பையிலோ, வெளியே தெரியாதவாறு எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. அவ்வாறு மூடி வைப்பதனால் எஃகிற்கு நேரும் விளைவுகள் சட்டத்தின் வரம்புக்குள் வருவன அல்ல; அவை இரசாயனத்தையும் உராய்வியலையும் சேர்ந்தவை.

கைத்துப்பாக்கிகளின் கருநீல நிறம் வர்ணப் பூச்சினால் உண்டானதன்று. எரிசோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை ஏறத்தாழ 140 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் கொதிக்க வைத்து, அதில் எஃகுப் பாகங்களை அமிழ்த்தினால் அவற்றின் மேற்பரப்பு மாக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்ஸைடாக மாறுகிறது. இப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே. இத்துணை மெல்லிய போர்வை உறைக்குள் பல்லாயிரம் முறை சென்று மீளும்பொழுது, குழல்முனையின் விளிம்புகளிலும் குறிபார்க்கும் முனையிலும் தேய்ந்து வெள்ளெஃகு வெளிப்படுவது இயல்பே.

ஆனால் தோலும் பிளாஸ்டிக்கும் எஃகைவிட மிக மென்மையானவை. மெல்லிய பொருள் கடிய பொருளை எங்ஙனம் தேய்க்கும்? பெரும்பாலும் தேய்ப்பது உறையன்று, உறைக்குள் புகுந்த தூசியே. தெருப்புழுதியில் குவார்ட்ஸ் மணல் மிகுதி. மோஸ் என்பார் வகுத்த கடினத்தன்மை அளவையில் குவார்ட்ஸின் எண் 7. மாக்னடைட்டின் எண் ஏறத்தாழ 6. உறையின் சுவரில் பதிந்த ஒரு மணற்றுகள், உளிபோல் அமைந்து மேற்படலத்தைக் கீறிவிடுகிறது. தேய்மானத்தின் அளவு அழுத்தத்துக்கும் உராயும் தூரத்துக்கும் நேர்விகிதத்திலும், தேயும் பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்று ஆர்ச்சார்டு என்னும் ஆங்கில அறிஞர் 1953-ம் ஆண்டில் வெளியிட்ட சமன்பாடு இங்கும் பொருந்தும். இறுக்கமான உறையில் தேய்வு விரைவாக நிகழ்வதன் காரணம் இதனின்று விளங்கும்.

இதில் விசித்திரமான செய்தி ஒன்றுண்டு. துப்பாக்கியின் மெருகு கெடாதிருக்க வேண்டுமென்று பலர் உட்புறத்தில் மெல்லிய மயிர்ப்பரப்புத் தோல் வைத்துத் தைத்த உறையை விரும்பி வாங்குகின்றனர். அம்மயிர்ப்பரப்போ தூசியைப் பற்றிக்கொண்டு, நாளடைவில் மணற்காகிதத்தைப்போல் ஆகிவிடுகிறது. 1965-ம் ஆண்டில் ஆகாயவிமானங்களின் உட்புறத்துக்கென அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டுப் பின்னர் உறைகளுக்கும் வந்த கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக், தொடுவதற்குக் கடினமாயினும், நீர் ஊற்றிக் கழுவினால் தூசி நீங்கிவிடும். கழுவாது விட்டால் அதுவும் கீறும் என்பதை அதனை விற்போர் அவ்வளவாகச் சொல்வதில்லை.

எனினும் விளிம்புகளில் வெளுத்துத் தோன்றும் தேய்வு கண்ணுக்கு அழகின்மையே தவிர, ஆயுதத்துக்குப் பெருங்கேடன்று. சிறிதளவு எண்ணெய் தடவினால் அவ்விடம் காக்கப்படும். கேடு விளைவிப்பது, உறை மூடியிருப்பதால் வெளியே தெரியாத துருவாகும். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவிகிதத்தைத் தாண்டியதும், அசுத்தக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரென மிகுவதை வெர்னன் என்னும் விஞ்ஞானி 1930-களில் பரிசோதனைகளால் நிறுவினார். கொங்கணக் கடற்கரையிலும் அஸ்ஸாமிலும் மழைக்காலம் முழுவதும் ஈரப்பதம் இவ்வரம்புக்கு மேலேயே நிற்கிறது.

தோல் இந்த ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. மேலும், தோலில் பதனிடும் பொருள்களின் எச்சம் என்றும் உண்டு. குதிரைச் சேணத்துக்கும் இராணுவத் தோற்சாமான்களுக்கும் பேர்பெற்ற கான்பூரில் கருவேலம் பட்டையும், தென்னாட்டில் ஆவாரம் பட்டையும் பதனிடப் பயன்பட்டு வந்தன. இவற்றின் டானின்கள் அமிலத்தன்மை உடையவை. குரோமியம் சல்பேட்டினால் பதனிட்ட தோலும் அமிலத்தன்மையுடையதே. நன்கு அலசப்படாவிடில் அதில் சல்பேட் உப்புகளும், பச்சைத்தோல் கெடாதிருக்கத் தூவிய கறியுப்பின் எச்சமும் தங்கிவிடும். உப்பு, அமிலம், ஈரம் ஆகிய மூன்றும் எஃகைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நேர்வது வெளிப்படை. தோல்வாரில் நெடுநாள் செருகிவைத்த பித்தளைத் தோட்டாக்களின்மேல் பச்சை நிறக் களிம்பு படிவதைப் பலர் கண்டிருப்பர். தோலிலுள்ள கொழுப்பமிலங்களும் டானின்களும் செம்புடன் கூடுவதன் விளைவே அது. களிம்பேறிய தோட்டா சுழலறையில் எளிதில் நுழையாது. ஆபத்து வேளையில் இது சிறு விஷயமன்று.

பழைய இராணுவப் பருத்தித் துணியுறையில் இவ்வமிலங்கள் இல்லை; ஆயினும் மழையில் நனைந்தால் உலர நெடுநேரமாகும். நைலான் துணி விரைவில் உலரும். ஆனால் துப்பாக்கியின் உருவத்துக்கேற்ப உறுதியாக நிற்பதில்லை.

மேற்பரப்பையே கடினமாக்குவது வேறொரு வழி. பாஸ்பேட் படலம் நுண்துளைகள் நிறைந்ததாதலால் எண்ணெயைப் பிடித்துவைத்துத் துருவைத் தடுக்கிறது. கடினக் குரோமிய முலாம் குவார்ட்ஸ் தூசிக்கும் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். 1982-ம் ஆண்டில் ஆஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் துப்பாக்கியில், எஃகின் மேற்பரப்புக்குள் நைட்ரஜனும் கரியும் புகுத்தப்பட்டன. மேலுள்ள கறுப்பு நிறம் தேய்ந்த பின்னரும் அடியிலுள்ள கடின அடுக்கு காவல் புரிகிறது. துருவேறா எஃகு என்று பெயர் பெற்றதும்கூட, வியர்வையிலுள்ள குளோரைடினால் சிறு குழிகளாக அரிக்கப்படும். துப்பாக்கியை ஆடைக்குள், உடலை ஒட்டி அணிவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்; வியர்வை தோலுறையின் உட்புறம் வரை ஊறிச் செல்கிறது.

இவ்வளவு கூறியதனால் தோலுறை பயனற்றது என்று கொள்ளலாகாது. நாள் முழுதும் அணிவோர்க்கு அது உடலோடு இசைந்து நிற்பது. எடுக்கும்பொழுது ஓசையின்றி வருவது. அதனைச் சேமிப்பு அறையில் துப்பாக்கியின் வீடாகக் கொள்வதே தவறு. பணி முடிந்ததும் உரிய முறைப்படி தோட்டாக்களை அகற்றி, துப்பாக்கியை உறையினின்று எடுத்து, துடைத்து, எண்ணெய் தடவித் தனியே வைக்கவேண்டும். நனைந்த உறையை வெயிலிலோ அடுப்பின் அருகிலோ உலர்த்தினால் தோல் இறுகி வெடிக்கும். நிழலில் காற்றாடவிடுவதே முறை. தோலை மென்மையாக்க எண்ணெய் ஊற்றும் வழக்கம் இதற்கு நேர்மாறான தீங்கைத் தரும். எண்ணெயில் ஊறியும் நாட்பட்டும் தளர்ந்த உறையின் வாய் உள்நோக்கி மடிந்து, விசைக் காப்பு வளையத்துக்குள் நுழைந்து, துப்பாக்கியைச் செருகும் வேளையில் விசையை அழுத்திவிடக்கூடும். வாய் தளர்ந்த உறையைத் தைத்துச் சீர்செய்ய முயலாமல் உடனே கழித்துவிட வேண்டும்.