கோடிக்குழகரின் கடற்கரைச் சுற்றம்

கடலோரத் தலங்களுக்குக் குடும்பத்தோடு செல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? கடலில் நீராடுகிறோம், ஈர உடையை மாற்றிக்கொண்டு சந்நிதிக்கு விரைகிறோம், அர்ச்சனை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்படுகிறோம். அந்தக் கடலையும் கரையையும் நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சென்ற தை அமாவாசையை ஒட்டி வேதாரண்யம் சென்ற நாங்கள், அவசரமின்றி மூன்று நாட்கள் அங்கே தங்கினோம். அந்த நாட்களில் கண்டவற்றையும், கண்டபின் கைவிட்ட ஒரு பழக்கத்தையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

விளக்கழகுத் தலம்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வேதாரண்யத்துக்குத் தேவாரம் வழங்கும் பெயர் திருமறைக்காடு. வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற திருக்கதவை அப்பர் பெருமான் பதிகம் பாடித் திறப்பித்ததும், ஞானசம்பந்தப் பெருமான் பாடி அடைப்பித்ததும் அன்பர்கள் அறிந்தவையே. 'வேதாரண்யம் விளக்கழகு' என்பது முதுமொழி. சந்நிதி விளக்கின் நெய்யை உண்ண வந்த எலியொன்று, அணையும் நிலையில் இருந்த திரியைத் தன்னையறியாமல் தூண்டிவிட்டது. அப்புண்ணியத்தால் அது மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்கிறது தலபுராணம். அறியாமல் செய்த தொண்டையும், அதுவும் ஒரு சிற்றுயிர் செய்ததையும், இறைவன் கணக்கில் வைத்துக்கொண்டான்.

எட்டு வயதுப் பேத்திக்கு இக்கதையைச் சந்நிதியிலேயே சொன்னேன். அதன்பின் அவள் கண்ணில் பட்ட உயிர்கள் யாவும் கதைக்குரியவை ஆகிவிட்டன.

சுந்தரர் வருந்திய இடம்

மறுநாள் காலை தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். அகத்தியான்பள்ளியில் வழிபட்டு, வெண்மையாய் விரிந்துகிடந்த உப்பளங்களைப் பார்த்தோம். 1930ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்தது இந்த வேதாரண்யக் கடற்கரையில்தான்.

அதன்பின் கோடிக்குழகர் திருக்கோயில். சேரமான் பெருமாளுடன் இங்கு வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், சுற்றிலும் குடியிருப்பே இல்லாததைக் கண்டு மனம் நொந்தார். கடற்காற்று கடுமையாக வீசும் கரையில், ஆந்தையும் கூகையும் அலறும் காட்டில், எம்பெருமானே இப்படித் தனித்து இருக்கிறாயே என்று இரங்கிப் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. இறைவனிடம் வரம் கேட்ட பாடல்கள் பல உண்டு. இறைவனுக்காகக் கவலைப்பட்ட பாடல் இது.

இதைச் சொல்லி முடித்ததும் பேத்தி கேட்டாள்: "அப்படின்னா சுவாமி இன்னும் தனியாத்தான் இருக்காரா, தாத்தா?"

உடனே எனக்கு விடை தோன்றவில்லை.

காடும் கழியும்

கோயிலைச் சூழ்ந்த காடும் கடற்கரையும் கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தவை. வெளிமான்களைக் காப்பதற்காக 1967ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது இது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002இல் இடம்பெற்றது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இங்கே எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. ஆயினும் காடு மீண்டும் துளிர்த்து நிற்கிறது.

வனத்துறையின் அனுமதி பெற்று உள்ளே சென்றோம். புல்வெளியின் விளிம்பில் வெளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. ஆண் மானுக்கு முறுக்கிய நீண்ட கொம்புகள். முதுகு கருமை, வயிறு வெண்மை. பெண் மான்களுக்கு வெளிர் பழுப்பு நிறம். வண்டியை நிறுத்திப் பேச்சை அடக்கியதும், தலை தூக்கிப் பார்த்தவை மீண்டும் மேயத் தொடங்கின. "சுவாமி கையில இருக்கிற மான்!" என்று பேத்தி மெல்லிய குரலில் சொன்னாள்.

மாலையில் கழிமுகச் சதுப்புக்குச் சென்றோம். முதலில் தொலைவில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு மட்டுமே தெரிந்தது. தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தபோது அக்கோடு பூநாரைகளாகப் பிரிந்தது. வளைந்த அலகை நீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை வடித்து உண்ணும் பறவை இது. உணவாகக் கொள்ளும் நுண்பாசிகளிலும் சிறு இறால்களிலும் உள்ள நிறமியே அதன் இறகுக்குச் சிவப்பேற்றுகிறது.

எங்களை அதிகம் வியக்கவைத்தது பூநாரை அன்று; கரையோரம் ஓடியோடிக் கொத்திக்கொண்டிருந்த கொசு உள்ளான். சிட்டுக்குருவியளவே உள்ள இப்பறவையின் எடை ஏறத்தாழ 25 கிராம். வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கு வருகிறது. பறவையியல் அறிஞர் சலீம் அலி ஈடுபாடு கொண்டிருந்த இவ்விடத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளின் காலில் சிறு வளையமிட்டு அவற்றின் வழித்தடங்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

ஊரிலிருந்து கார் ஏறி வருவதற்குள் களைத்துப்போன எனக்கு, அந்த 25 கிராம் யாத்திரிகனைக் கண்டு நாணமே தோன்றியது.

அமாவாசைக் காலை

மூன்றாம் நாள் தை அமாவாசை. கோடியக்கரையின் ஆதிசேதுக் கடலில் நீராடப் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. விடியுமுன் கூட்டத்தைவிட்டு விலகிக் கரையோரம் நடந்தோம். ஈரமணலில் சிறு நண்டுகள் உருட்டிவைத்த மணல் உருண்டைகள் கோலப் புள்ளிகள்போல் பரவிக்கிடந்தன. பேத்தி அழகிய சங்கொன்றை எடுத்தாள். அதற்குள்ளிருந்து கால்கள் நீண்டன. தனக்கென ஓடில்லாத துறவி நண்டு, காலியான சங்கில் குடியேறியிருந்தது. நாம் கூடை கூடையாய்ப் பொறுக்கி வரும் சங்குகள், இவற்றுக்கு வீடாகக்கூடியவை. அவள் அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

சற்றுத் தள்ளி, அலை எட்டிச் செல்லும் இடத்தில் ஓர் ஆமை இறந்துகிடந்தது. பங்குனி ஆமை என்பர். முன்துடுப்பில் அறுந்த நைலான் வலைத் துண்டொன்று இறுகச் சுற்றியிருந்தது. பேத்தி என் கையைப் பற்றிக்கொண்டாள். அங்கே நின்ற வயதான மீனவர் சொன்னார்: "இதுக்கு மீன் மாதிரி செவுள் கிடையாதுங்க ஐயா. மேல வந்துதான் மூச்சு வாங்கணும். வலையில மாட்டிக்கிட்டா மேல வர முடியாது. மூச்சு முட்டிச் செத்துடும். கடல்ல மெதக்கிற துணியும் இப்படித்தான், கால்ல சுத்தினா விடாது."

கடைசி வாக்கியம் என்னைத் தைத்தது. என் தோள்பையில் ஒரு பழைய வேட்டி இருந்தது. நீராடியபின் உடுத்திய துணியைக் கடலில் விட்டால் தோஷம் தீரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒவ்வோர் அமாவாசை நீராடலிலும் அப்படியே செய்து வந்தவன் நான். திரும்பிப் பார்த்தேன். நீராடும் துறையில் அலைகளோடு சேலைகளும் வேட்டிகளும் புரண்டுகொண்டிருந்தன.

தர்ப்பணம் செய்துவைத்த சாஸ்திரிகளிடம் தயங்கியபடி கேட்டேன். "எள்ளும் நீரும் சிரத்தையும் போதும். துணியைக் கடலில் விடச் சொல்லும் விதி எதையும் நான் படித்ததில்லை. தீர்த்தத்தை அசுத்தம் செய்வதுதான் தோஷம்" என்றார் அவர். வேட்டி பையிலேயே இருந்தது.

கூர்மமாய் மலையைத் தாங்கிய பெருமானை வணங்கும் நாம் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தை, மாசி, பங்குனி மாதங்களில் பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழிதோண்டி, நூறு முட்டைகளுக்கு மேலும் இட்டுச் செல்கின்றன. வனத்துறையினர் அவற்றைச் சேகரித்து வேலியிட்ட பொரிப்பகங்களில் புதைத்துக் காக்கின்றனர். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், இருளில் சற்றே ஒளிரும் கடல்வெளியைக் குறியாகக் கொண்டு ஓடுகின்றன. கரையில் நாம் ஏற்றிவைக்கும் மின்விளக்குகள் அவற்றை எதிர்த்திசைக்கு இழுத்துவிடும். விளக்கைத் தூண்டியதால் ஓர் எலி பேறு பெற்ற தலத்தின் கடற்கரையில், விளக்கை அணைப்பதும் புண்ணியமே.

செல்வோர் கவனத்துக்கு

வலசைப் பறவைகளைக் காண நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்ற காலம். காலையும் மாலையும் சிறந்த பொழுதுகள். எளிய தொலைநோக்கி ஒன்று போதும். பளிச்சென்ற உடைகளைத் தவிர்த்து, குழந்தைகளுக்கு அமைதியை முன்பே பழக்கிவையுங்கள். குரங்குகளுக்கும், காட்டில் திரியும் மட்டக் குதிரைகளுக்கும் உணவளிக்க வேண்டாம். இரவில் கரையில் கைவிளக்கோ செல்பேசி வெளிச்சமோ கூடாது. துணி, நெகிழிப்பை, மாலை கட்டிய நைலான் நூல் எதையும் கடலில் விடாதீர்கள்; கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஊர் திரும்புமுன் மீண்டும் கோடிக்குழகரைத் தரிசித்தோம். அர்ச்சகர் தீபம் காட்டுகையில், வெளியே ஏதோ ஒரு பறவை கூவியது. பேத்தியிடம் அப்போதுதான் விடை சொன்னேன்: "சுவாமி தனியா இல்லம்மா. மானும் நாரையும் ஆமையும் அவருக்குச் சுற்றம். அதுங்க போயிட்டாத்தான் அவர் தனியாயிடுவார்."

அவள் சற்று யோசித்துவிட்டுக் கண்மூடிக் கைகூப்பினாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. நனையாத பழைய வேட்டியோடு வீடு வந்து சேர்ந்தோம்.