விறகும் வெந்நீரும்

வெந்நீர் என்றதும் நமக்கு நீராடுதலே நினைவுக்கு வருகிறது. குளிர் மிகுந்த நாடுகளிலோ வெந்நீர் வீட்டையும் அதில் வாழ்வோரையும் காக்கும் பொருளாகும். ஐரோப்பாவின் வடபால் அமைந்த சுவீடன் நாட்டில், குளிர்காலத்தில் பல இடங்களில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரையிலும், சிற்சில நாள்களில் அதற்கும் கீழாகவும் இறங்குவதுண்டு. அத்தகைய நாள்களில் வீட்டினுள் வெப்பம் தொடர்ந்து நின்றுபோனால், குழாய்களிலுள்ள நீர் உறைந்து பனிக்கட்டியாகும்; உறையும்போது விரிந்து குழாய்களைப் பிளந்துவிடும். முதியோரும் குழந்தைகளும் படும் துன்பத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, வீட்டிற்கு ஓயாது வெப்பம் அளிப்பது எப்படி என்பது அந்நாட்டு மக்களுக்கு உயிரோடு ஒட்டிய வினாவாகும்.

சுவீடனின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடாகும். பண்டு தொட்டு விறகே அங்கு வீடுகளுக்கு வெப்பம் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பலர் விறகை விட்டு எண்ணெயை நாடினர். 1973-ஆம் ஆண்டு உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி தோன்றியது. சில திங்களுக்குள் எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. தம் காட்டில் விளையும் விறகின் அருமையை மக்கள் மீண்டும் உணர்ந்தனர். 1991-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு நிலக்கரி, எண்ணெய் முதலிய எரிபொருள்களின் மீது கார்பன் வரி விதித்தது. அதனால் விறகின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

விறகில் ஒரு குறை உண்டு. தீ மூண்டபோது மிகுந்த வெப்பம் தரும். விறகு எரிந்து தீர்ந்ததும் அணைந்துவிடும். வீட்டிற்கோ இரவும் பகலும் ஒரே சீரான வெப்பம் வேண்டும். நள்ளிரவில் எழுந்து விறகிடுவது எளிதன்று. எனவே, மக்கள் ஒரு சூழ்ச்சி செய்தனர். உறங்கச் செல்லும்முன் அடுப்பு நிறைய விறகை அடுக்கிக் காற்று புகும் வழியைக் குறுக்கி வைத்தனர். தீ விடியும் வரையில் கனன்றுகொண்டிருந்தது. ஆனால் அதனால் விளைந்த தீமைகள் பல. விறகு சூடேறும்போது அதன் எடையில் பெரும்பகுதி வாயுவாகவே வெளிப்படுகிறது. அவ்வாயு எரிவதற்குப் போதிய காற்றும் மிகுந்த சூடும் தேவை. காற்றைக் குறைத்தால் அது எரியாமலே புகையாக வெளியேறும். புகைபோக்கியின் உட்புறத்தில் கரியும் தாரும் படியும். அப்படிவு என்றேனும் தீப்பற்றினால் வீட்டிற்கே கேடு நேரும். வெளியேறும் புகையோ ஊரார் உட்கொள்ளும் காற்றைக் கெடுக்கும். விறகு வீணாவதும் உண்டு.

இக்குறையை நீக்க அறிஞர் கண்ட வழி மிக எளியது. தீயை இரவெல்லாம் காக்க வேண்டுவதில்லை. தீ தந்த வெப்பத்தைக் காத்தால் போதும். விறகைச் சில மணி நேரம் நன்றாக, முழுமையாக எரிய விட வேண்டும். அப்போது எழும் வெப்பத்தை நீரில் ஏற்றி, பெரிய கலங்களில் சேமித்து, வேண்டும்போது சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் செப்புப் பாய்லரைச் சிலர் கண்டிருப்பீர்கள். நடுவே நெருப்பும் அதனைச் சுற்றி நீரும் இருக்கும். வீட்டுக் கொதிகலனின் அடிப்படையும் அதுவே. ஆனால் இங்கு நீர் கொதிகலனிலேயே தங்குவதில்லை. குழாய் வழியே சேமக்கலங்களுக்குச் சென்று, அங்கிருந்து அறைதோறும் உள்ள வெப்பத் தகடுகளுக்குப் பாய்கிறது.

வெப்பத்தைச் சேமிக்க நீரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதே எடையுள்ள இரும்பிற்கு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு வெப்பமே போதும். எனவே, நீர் மிகுந்த வெப்பத்தைத் தன்னுள் ஏற்கவல்லது. 2,000 லிட்டர் நீரை 40 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை சூடேற்றுவதாகக் கொள்வோம். அந்நீர் ஏற்கும் வெப்பம் 1,00,000 கிலோ கலோரி ஆகும். மின்சாரக் கணக்கில் இது ஏறத்தாழ 116 யூனிட். குளிர்காலத்தில் ஒரு வீட்டிற்கு மணிக்கு 5 யூனிட் வெப்பம் வேண்டுமாயின், இச்சேமிப்பு ஏறத்தாழ 23 மணி நேரத்திற்குப் போதுமானது. நன்கு உலர்ந்த விறகு கிலோவிற்கு ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் தரும். அதில் ஐந்தில் நான்கு பங்கு நீரைச் சேர்ந்தால், 36 கிலோ விறகே இதற்குப் போதும். ஒரு நாளில் ஒரு முறை தீ மூட்டினால், மறுநாள் வரையில் கவலையில்லை!

இக்கொதிகலனை அமைக்கும் முறையை இனி வரிசையாகக் காண்போம்.

முதலாவது, இடம். 2,000 லிட்டர் நீரின் எடை 2 டன். கலத்தின் எடை வேறு. ஆதலால் தரை உறுதியான கற்காரையால் அமைய வேண்டும். கலங்கள் வாயில் வழியே உள்ளே செல்லுமா என்பதை முன்னரே அளந்து பார்ப்பது அறிவுடைமை. விறகு எரியக் காற்று வேண்டுமாதலால், அறைக்கு வெளிக்காற்று வரும் திறப்பும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, சேமக்கலத்தின் அளவு. கொதிகலன் பெரிதாகவும் கலம் சிறிதாகவும் இருந்தால், விறகு எரிந்து முடியும்முன் கலம் நிறைந்துவிடும். விறகைக் கையாலிடும் கொதிகலனுக்கு, அதன் ஆற்றலில் ஒவ்வொரு கிலோவாட்டிற்கும் குறைந்தது 55 லிட்டர் நீர் கொள்ளும் கலம் வேண்டும் என ஜெர்மனி விதி வகுத்துள்ளது. இக்கணக்கின்படி 30 கிலோவாட் கொதிகலனுக்கு 1,650 லிட்டர் வேண்டும்.

மூன்றாவது, குழாய்கள். சூடான நீர் இலேசானது. ஆதலால் மேலே நிற்கும். குளிர்ந்த நீர் கனமானது, கீழே தங்கும். இவ்வியல்பை ஒட்டி, கொதிகலனிலிருந்து வரும் சூட்டு நீரைக் கலத்தின் உச்சியில் சேர்ப்பர். குளிர்ந்த நீரை அடியிலிருந்து கொதிகலனுக்குத் திருப்புவர். நீர் மெல்லப் பாய்தல் வேண்டும். விரைந்து பாய்ந்தால் இரு அடுக்குகளும் கலந்து, முழுதும் வெதுவெதுப்பான நீராகிவிடும். அது பயன் குறைந்தது.

நான்காவது, திரும்பும் நீரின் சூடு. மிகக் குளிர்ந்த நீர் கொதிகலனுள் புகுந்தால், புகையிலுள்ள நீராவி உட்சுவரில் வியர்வைபோல் படிந்து இரும்பை அரிக்கும், தாரும் சேரும். இதனைத் தடுக்க ஒரு வால்வு உண்டு. அது கொதிகலனிலிருந்து வெளிவரும் சூட்டு நீரில் ஒரு பகுதியைத் திரும்பும் நீரோடு கலந்து, அதனை ஏறத்தாழ 60 டிகிரியில் வைத்திருக்கும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. இதுவே தலையாயது. நீர் சூடேறினால் விரியும். 2,000 லிட்டர் நீர் 10 டிகிரியிலிருந்து 90 டிகிரி அடையும்போது ஏறத்தாழ 70 லிட்டர் பெருகும். பெருகிய நீருக்கு இடம் இல்லையேல், எஃகுக் கலமும் தாங்காது. ஆகவே, விரிவுக்கலம் ஒன்றை இணைப்பர். அழுத்தம் அளவு கடந்தால் தானே திறக்கும் காப்பு வால்வும் பொருத்துவர். கொதிகலனுக்கும் காப்பு வால்விற்கும் இடையே எவ்வகை அடைப்பும் இருத்தல் ஆகாது. மின்சாரம் நின்று பம்பு ஓயினும் தீ உடனே அணைவதில்லை. நீர் ஆவியாகுமானால் ஏறத்தாழ 1,600 மடங்கு பருமன் கொள்ளும். எனவே, பம்பு இன்றியும் சூட்டு நீர் தானே மேலேறிச் சுழலுமாறு குழாய்களை அமைப்பது நன்று.

எல்லாம் அமைந்தபின் நீர் நிரப்பிக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றுவர். கசிவு உண்டா என ஒவ்வோர் இணைப்பையும் நோக்குவர். அதன் பின்னரே கலங்களுக்கும் குழாய்களுக்கும் கனத்த வெப்பக் காப்பு உறை இட்டு, முதல் தீயை மூட்டுவர். பயிற்சி பெற்ற தொழிலாளரே செய்ய வேண்டிய பணி இது. புகை வழி அடைபடின், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறையில் பரவி உறங்குவோரின் உயிரைக் கவரும். ஆதலால் புகைபோக்கியைக் காலந்தோறும் துடைப்பிப்பது சுவீடனில் சட்டப்படி கடமையாகும்.

கருவி எவ்வளவு சிறந்ததாயினும், ஈர விறகைத் திருத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீரே. அந்நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். ஆகையால் அந்நாட்டினர் விறகைப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி, ஓராண்டேனும் உலர்த்துகின்றனர். இவ்வாண்டின் குளிருக்குச் சென்ற ஆண்டே ஆயத்தம் செய்கின்றனர்.

தீ மூண்டிருக்கும் நேரம் சிறிது. குளிர் நிற்கும் காலம் நெடிது. சிறிது நேரத்தில் கிடைப்பதை வீணாக்காது காத்து, நெடுநேரம் அளவோடு பயன்கொள்வதே இவ்வமைப்பின் உட்பொருள். வெப்பத்திற்கு மட்டுமன்றி, மழை நீருக்கும், பொருளுக்கும், காலத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும் அன்றோ?