கூலி உயர்ந்தது, உதவிச் சம்பளம் போயிற்று!

ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவருக்கு மாதம் 13,500 ரூபாய். அவர் மனைவி தையல் கம்பெனியில் வாங்குவது 7,000. இருவருடையதும் சேர்ந்து ஆண்டுக்கு 2,46,000 ரூபாய். மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்தபோது மத்திய சர்க்காரின் உதவிச் சம்பளம் கிடைத்தது, படித்தாள். இளையவனுக்கும் கிடைக்கும் என்று குடும்பமே நம்பியிருந்தது. அதற்கிடையில் சங்கம் போராடியது. வாயிற் கூட்டம், கோரிக்கை அட்டை, வேலை நிறுத்த நோட்டீஸ், விடிய விடியப் பேச்சுவார்த்தை! கடைசியில் மாதம் 500 ரூபாய் உயர்வு கிடைத்தது. ஆலை வாசலில் வெடி வெடித்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள்.

பையனைக் கல்லூரியில் சேர்க்கும் நாள் வந்தது. வருமானச் சான்றிதழும் வந்தது. 2,52,000 ரூபாய்! உதவிச் சம்பளத்துக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த வரம்போ 2,50,000. இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாம். ஆகவே உதவி இல்லையாம்! ஆண்டுக்கு 6,000 ரூபாய் உயர்வு பெற்றவர் மகனின் கட்டணம் முழுவதையும் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். முதலாளியிடம் போராடி வாங்கியதை ஒரு கையெழுத்து விழுங்கிவிட்டது; அதோடு நில்லாமல் கடனும் வாங்க வைத்தது.

இது நாம் புனைந்த குடும்பம்தான். ஆனால் கணக்கு புனைந்ததல்ல. இரண்டரை லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாதம் 20,833 ரூபாய். புருஷனும் பெண்சாதியும் வேலைக்குப் போகிற எத்தனை வீடுகள் இந்த எல்லைக்கோட்டின் மேல் நிற்கின்றன என்பது நம் தோழர்களுக்குத் தெரியாததா?

வருமான வரி போடுகிறார்களே, அதை எப்படிப் போடுகிறார்கள்? ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமே உயர்ந்த விகிதம். பணக்காரனுக்குப் படிக்கட்டு கட்டத் தெரிந்தவர்களுக்கு ஏழை மாணவனுக்கு மட்டும் ஏன் கிணறு வெட்டத் தோன்றுகிறது? வரம்பைச் சற்றே தாண்டியவர்க்கு முக்கால் பங்கு, அதற்கு மேல் பாதி, பிறகு கால் என்று வைத்தால் சாம்ராஜ்யம் சரிந்துவிடுமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2019 ஜனவரியில் அரசியல் சட்டத்தை 103-ஆவது முறையாகத் திருத்தி, இட ஒதுக்கீடு இல்லாத வகுப்பாரில் நலிந்தோர்க்கு நூற்றுக்குப் பத்து இடம் என்றார்கள். நலிந்தோர் யார்? ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே உள்ளவராம்! அங்கே மாதம் 60,000 வாங்குபவர் ஏழை. இங்கே மாதம் 21,000 வாங்குபவர் வசதி படைத்தவர்! அது இடம், இது பணம், இரண்டையும் ஒப்பிடலாகாது என்று சில மேதாவிகள் வாதிடக்கூடும். ஏழை யார் என்று அளக்கும் கோல் ஒன்றாக இருக்க வேண்டாமா என்றுதான் நாம் கேட்கிறோம்.

வரம்பு மட்டுமா வெட்டியது? 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டம் 2017-இல் முடிந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். திட்டத்தின் கடைசி ஆண்டில் எவ்வளவு செலவாயிற்றோ, அவ்வளவும் அடுத்து வரும் ஆண்டுகளில் மாநிலத்தின் பொறுப்பு; அதற்கு மேல் ஆவதைத்தான் தில்லி தரும். இதுதான் அன்றைய விதி. அதுவரை ஆண்டுக்கு 353 கோடியாக இருந்த தமிழ்நாட்டின் பொறுப்பு, ஒரே தாவலில் 1,526 கோடியாயிற்று! அதிகம் பேரைப் படிக்க வைத்த மாநிலத்துக்குக் கிடைத்த பரிசு அது. அதே 2017 ஆகஸ்டில் மாநிலத்தை அன்று ஆண்டவர்களும் தம் பங்குக்குக் கத்தரியை எடுத்தார்கள். தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த ஆதிதிராவிட மாணவர்களுக்கான தொகையைக் குறைத்தார்கள். எதிர்ப்பு நாலா பக்கமும் எழுந்தது. 2020 டிசம்பரில்தான் மத்திய மந்திரி சபை இறங்கி வந்து, தில்லிக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40 பங்கு என்று முடிவு செய்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் படிப்பை விட்டவர்களை எந்த மந்திரி சபை கூடி மீட்டுத் தரும்?

பாதியில் பணம் நின்றால் என்ன ஆகும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் டாக்டர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவியில் 1913-இல் அமெரிக்கா சென்றார். 1916-இல் இலண்டன் போய்ச் சேர்ந்தார். 1917-இல் உதவியின் கெடு முடிந்தது. ஆராய்ச்சியை அப்படியே போட்டுவிட்டுக் கப்பலேறினார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனால், தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதி தெரிந்ததும் விடுதியை விட்டுத் துரத்தினார்கள். பம்பாய்க் கல்லூரியில் ஆசிரியராகிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜிடம் உதவியும் பார்சி நண்பர் ஒருவரிடம் கடனும் பெற்று, 1920-இல்தான் மறுபடி இலண்டன் போக முடிந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், 1942-இல் ஒடுக்கப்பட்டோர் குறைகளை எழுதி நீட்டிக் கல்விக்குப் பணம் கேட்டார் அவர். 1944-இல் இந்த உதவித் திட்டம் பிறந்தது. கோலாப்பூர் மன்னர் எல்லோர்க்கும் வாய்ப்பாரா?

நம் பெரியவர்கள் இதை உதவிச் சம்பளம் என்றே அழைத்தார்கள். சம்பளம் குறைந்தால் சங்கம் சும்மா இருக்குமா? பிள்ளையின் சம்பளம் குறைந்தால் மட்டும் அது அந்தக் குடும்பத்தின் தலைவிதி என்று ஏன் ஒதுங்குகிறோம்? கூலி ஒப்பந்தத்துக்கு உட்காரும் சங்கத் தலைவர்கள், உயர்வு எத்தனை வீடுகளை வரம்புக்கு வெளியே தள்ளும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு உட்காரட்டும். கோரிக்கைப் பட்டியலில் வரம்பை உயர்த்துவதும் ஒரு வரியாக ஏறட்டும்.

மன்றத் தோழர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. உதவி இல்லை என்று கல்லூரி குமாஸ்தா வாயால் சொன்னால், உடனே திரும்பி வராதீர்கள். மனு கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். அதை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் கொண்டுபோங்கள். சான்றிதழில் வருமானம் தவறாக ஏறியிருந்தால் தாசில்தாரிடம் திருத்தம் கேளுங்கள். கட்டணம் கட்டாததற்காக மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் கல்லூரி இருந்தால், கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே சொல்லிவிட்டதை எடுத்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. 2021 விதிகளின்படி தில்லியின் பங்கு மாணவன் பெயரிலுள்ள பாங்குக் கணக்குக்கே வருகிறது. அவன்தான் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். வட்டிக்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் அந்தப் பணம் எத்தனை நாள் தங்கும்? பெற்றோரிடம் இதை முன்கூட்டியே பேசுங்கள். பையனையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் வந்த சேதி முதலில் வருவது அவன் கைப்பேசிக்குத்தான்.