மாவட்டத்தைத் தொட்டதும் பயிர்ப்பட்டியல் மாறுவது எப்படி?

ஐப்பசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து இ-சேவை மையங்களில் கூட்டம் கூடிவிடும். கரிசலில் விதை விழுந்த கையோடு பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய வேண்டும். கையில் மஞ்சள் பை; அதற்குள் சிட்டா, அடங்கல், பாங்க் பாஸ்புக், ஆதார் நகல். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் பெண் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"உளுந்துன்னு போடும்மா."

"பயிர் லிஸ்ட் இன்னும் வரலை தாத்தா. சுத்திக்கிட்டே இருக்கு."

"காலையில வேற ஆளுக்குப் போட்டப்ப இருந்துச்சே?"

தாத்தா கேட்டது நியாயமான கேள்வி. அதே கம்ப்யூட்டர், அதே பக்கம். காலையில் இருந்த பட்டியல் மத்தியானம் எங்கே போனது? அதற்குப் பதில் தெரிந்துகொண்டால், காப்பீடு பதியும்போதும், ரயில் டிக்கெட் எடுக்கும்போதும், கடையில் பணம் வாங்கும்போதும் உங்களுக்கு உதவும்.

முதலில், ஒரு பக்கத்தைத் திறக்கும்போது என்ன நடக்கிறது?

எங்கோ இருக்கும் சர்வர் (பக்கங்களைச் சேமித்துவைத்து, கேட்பவருக்கு அனுப்பும் கணினி) அந்தப் பக்கத்தின் ஒரு நகலை உங்கள் போனுக்கு அனுப்புகிறது. உங்கள் பிரவுசர் (பக்கத்தைத் திறந்து காட்டும் செயலி) அந்த நகலைப் படித்துத் திரையில் விரிக்கிறது. நீங்கள் பார்ப்பது நகல்தான். இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் பாதி விஷயம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அந்த நகலுக்குள் என்ன இருக்கும்?

மூன்று வகை எழுத்து இருக்கும். என்னென்ன பெட்டி, என்னென்ன வரி என்று சொல்வது ஹெச்டிஎம்எல். அவற்றின் நிறத்தையும் அளவையும் இடத்தையும் சொல்வது சிஎஸ்எஸ். நீங்கள் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பதிலாக என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். காட்டுவது, மறைப்பது, மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவதன் வேலை. 1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 10 நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். பெயரில் ஜாவா இருக்கிறதே தவிர, ஜாவா என்ற மொழி வேறு, இது வேறு.

ஜாவாஸ்கிரிப்ட் வருவதற்கு முன்னால் எப்படிச் சமாளித்தார்கள்?

ஒவ்வொரு தேர்வுக்கும் முழுப் படிவத்தையும் சர்வருக்கு அனுப்பி, முழுப் பக்கத்தையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் ஊரில் அப்படி ஒரு படிவத்தை நிரப்பி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, ஒரு பெட்டி மறைகிறது என்றால் அது அழிந்துவிட்டதா?

இல்லை. பிரவுசர் அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு உறுப்பையும் தன் நினைவில் ஒரு மரம்போல அடுக்கி வைத்திருக்கிறது. இந்த மரத்துக்கு டாம் என்று பெயர் (பக்கத்தின் உறுப்புகளைக் கிளை கிளையாகக் காட்டும் அமைப்பு). ஜாவாஸ்கிரிப்ட் அந்த மரத்தில் வேண்டிய கிளையைத் தேடிப் பிடித்து, "நீ தெரியாதே" என்று சொல்கிறது. 'டிஸ்ப்ளே நன்' என்று சொன்னால் பெட்டியும் தெரியாது, அது இருந்த இடமும் மூடிக்கொள்ளும். 'விசிபிலிட்டி ஹிடன்' என்று சொன்னால் பெட்டி தெரியாது, இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கும். இரண்டிலும் பெட்டி மரத்தில்தான் இருக்கிறது.

இதனால் எனக்கு என்ன?

நிறைய இருக்கிறது. ஒரு படிவத்தில் "பயிர்க்கடன் வாங்கியிருக்கிறீர்களா?" என்ற கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்வோம். "ஆம்" என்று தொட்டதும் கடன் கணக்கு எண்ணுக்கான பெட்டி கீழே முளைக்கிறது. எண்ணை அடித்துவிட்டீர்கள். பிறகு, கடனைத்தான் போன வருஷமே அடைத்தாயிற்றே என்று நினைவு வந்து, "இல்லை" என்று மாற்றுகிறீர்கள். பெட்டி மறைகிறது. அதற்குள் நீங்கள் அடித்த எண்? பெட்டியோடு அதுவும் உள்ளே இருக்கிறது. படிவத்தை எழுதியவர் அதைத் துடைக்கச் சொல்லியிருக்காவிட்டால், மறைந்த எண்ணும் சேர்ந்தே சர்வருக்குப் போய்விடும். "கடன் இல்லை" என்ற பதிலும் கடன் கணக்கு எண்ணும் ஒரே விண்ணப்பத்தில் போய்ச் சேர்ந்தால் பின்னால் யார் அலைவது? ஆகவே நடுவில் மனம் மாறினால், மறையப்போகும் பெட்டியை முதலில் காலி செய்யுங்கள். பிறகு பதிலை மாற்றுங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்றும் உண்டு. எல்லாம் நிரப்பியாயிற்று, "சமர்ப்பி" பொத்தானை அழுத்துகிறீர்கள், ஒன்றுமே நடக்கவில்லை. கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டி ஒன்று மறைந்த நிலையில் காலியாகக் கிடந்தால் இப்படி ஆகலாம். பிரவுசர் அந்தப் பெட்டியைச் சுட்டிக்காட்டப் பார்க்கிறது; பெட்டிதான் கண்ணுக்குத் தெரியவில்லையே. மேலே போய், ஆம்/இல்லை கேள்விகளை ஒருமுறை மாற்றித் தொட்டுப் பாருங்கள். ஒளிந்திருக்கும் பெட்டி பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வருவோம். பயிர்ப்பட்டியல் ஏன் வரவில்லை?

திரையில் மாறுகிற சரக்கு இரண்டு வழியில் வரும். ஒன்று, பக்கம் திறக்கும்போதே எல்லாம் இறங்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அதில் வேண்டியதைக் காட்டி, வேண்டாததை மறைக்கும். இதற்கு அப்புறம் சிக்னல் தேவையில்லை. இன்னொன்று, நீங்கள் மாவட்டத்தைத் தொட்ட பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் ஓடி, "தூத்துக்குடிக்கு இந்தப் பருவத்தில் என்னென்ன பயிர்?" என்று கேட்டு வாங்கி வரும். முழுப் பக்கமும் புதிதாக இறங்காமல் ஒரு துண்டை மட்டும் வாங்கி ஒட்டும் இந்த வழி 1999-ல் மைக்ரோசாப்டின் பிரவுசரில் முதலில் வந்தது. 2005 வாக்கில் உலகம் முழுக்கப் பரவியது.

மாவட்டமும் பயிரும் கிராமமும் ஏராளமாக உள்ள காப்பீட்டுப் படிவத்துக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். நாட்டிலுள்ள எல்லாக் கிராமப் பெயரையும் ஒரே நேரத்தில் உங்கள் போனில் இறக்க முடியாது. ஆனால் வாங்கப் போன நேரத்தில் சிக்னல் அறுந்தால், அல்லது கடைசித் தேதியன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் கேட்டால், போனது திரும்பாது. வட்டம் சுற்றும். காலையில் வந்த பட்டியல் மத்தியானம் வராததற்குக் காரணம் இதுதான்.

அப்போது என்ன செய்வது?

முதலில் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். புதுப்பித்தால் சர்வரிலிருந்து புது நகல் வரும். அதுவரை அடித்த எல்லாம் பெரும்பாலும் போய்விடும். மாவட்டத்தை வேறொன்றாக மாற்றி, மறுபடி தூத்துக்குடிக்கே வாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு முறை கேட்கப் போகும். இரண்டு மூன்று தடவை செய்தும் வராவிட்டால் மட்டும் புதுப்பியுங்கள். நான் மேல்வரிசையை நிரப்பும்போதெல்லாம் கீழ்ப்பட்டியல் வந்து நின்ற பிறகே அடுத்த பெட்டிக்குப் போவேன். அவசரத்தில் பழைய பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுத்துவிட்டால் வேறு மாவட்டத்துப் பயிர் பதிவாகிவிடும் ஆபத்து உண்டு.

பிரீமியம் தொகை தானாகக் கணக்காகிறதே, அதை நம்பலாமா?

கணக்கு சரியாகத்தான் இருக்கும். நீங்கள் கொடுத்த எண் சரிதானா என்பதுதான் கேள்வி. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் இணையதளத்தில் பிரீமியம் கணக்கிடும் பகுதி ஒன்று உண்டு. பருவம், ஆண்டு, திட்டம், மாநிலம், மாவட்டம், பயிர், பரப்பு என்று கொடுத்தால், பக்கம் நகராமலே விடை வரும். விவசாயி கட்டும் பங்கு, உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காரீப் பருவத்தில் அதிகபட்சம் 2 விழுக்காடு, ராபியில் 1.5 விழுக்காடு. பருத்தி, மிளகாய் போன்ற ஆண்டுப் பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு 5 விழுக்காடு.

பரப்பு ஹெக்டேரில் கேட்கப்படும். நாம் பேசுவது ஏக்கரில். உளுந்துக்கு ஹெக்டேருக்கு 40,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்களிடம் 3 ஏக்கர் இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 1.21 ஹெக்டேர். தொகை 48,400 ரூபாய், அதில் ராபிக்கான 1.5 விழுக்காடு 726 ரூபாய். பழக்கதோஷத்தில் 3 என்று அடித்தால் திரை 1,800 ரூபாய் என்று காட்டும். நீங்கள் ஏக்கரை நினைத்து அடித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கூடுதலாகக் கட்டியதோடும் போகாது. அடங்கலில் உள்ள பரப்போடு ஒத்துப்பார்க்கும்போது விண்ணப்பமே சிக்கலில் மாட்டும். பரப்பு அடித்ததும் சிட்டாவைக் கையில் எடுத்து, அதிலுள்ள ஹெக்டேர்-ஏர்ஸ் எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

திரையில் "வெற்றி" என்று பச்சை எழுத்து வந்துவிட்டால் பதிவாகிவிட்டது என்று அர்த்தமா?

இந்த இடத்தில்தான் நகல் என்ற பேச்சு முக்கியமாகிறது. அடங்கலின் ஜெராக்ஸில் நீங்கள் பேனாவால் எதை எழுதினாலும், கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் பதிவேட்டில் ஒரு எழுத்தும் மாறாது. திரையும் அப்படித்தான். பச்சை எழுத்தைக் காட்டியது உங்கள் போனில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட். சர்வர் உண்மையிலேயே பதிந்ததா என்பது வேறு சங்கதி. ஆகவே விண்ணப்ப எண்ணோடு ரசீதை வாங்காமல் மையத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின், வேறொரு போனில், அதே இணையதளத்தில் விண்ணப்ப நிலை பார்க்கும் பகுதியில் அந்த எண்ணைப் போடுங்கள். அங்கே உங்கள் பெயரும் பயிரும் வந்தால் பதிவேட்டில் ஏறிவிட்டது. வராவிட்டால் 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

நகல் என்பதால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறதே?

இருக்கிறது. கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்திலும் வலது பொத்தானை அழுத்தி 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த மரம் முழுவதும் விரியும். மறைத்து வைத்த பெட்டிகளும் தெரியும். எந்த எழுத்தின் மேலும் வேறு எழுத்து அடிக்கலாம். பாங்க் பக்கத்தில் இருப்பு 500 என்று இருந்தால் 50,000 என்று மாற்றிக் காட்ட அரை நிமிஷம் போதும். பாங்கில் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது.

ஏமாற்றுக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். "பணம் திருப்பி அனுப்புகிறோம்" என்று பேசி, உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடவைத்து, உங்கள் கண் முன்னாலேயே இருப்பை மாற்றி எழுதுவார்கள். "அய்யோ, தெரியாமல் அதிகமாக அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பிக் கொடுங்கள்" என்பார்கள். நீங்கள் அனுப்புவது உங்கள் சொந்தப் பணம். அப்படி ஆகிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். கடை வைத்திருக்கிறீர்களா? வாடிக்கையாளர் தன் போனை நீட்டி "போட்டாச்சு அண்ணாச்சி" என்று காட்டும் திரையைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்குக்கு வந்த செய்தி, அல்லது பணம் வந்ததும் கல்லாவில் பேசும் பெட்டி, இரண்டில் ஒன்று சொல்லட்டும்.

நானே ஒரு பக்கம் செய்யலாமா?

தாராளமாக. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின், வெளியூருக்கு அனுப்ப ஒரு ஆர்டர் பக்கம் வைக்கலாமா என்று கேட்கும் கடைக்காரர்கள் உண்டு. அரைக்கிலோ, ஒரு கிலோ என்று தொட்டால் விலை மாறவேண்டும். "பார்சல்" என்று தொட்டால் முகவரிப் பெட்டி வரவேண்டும். இரண்டுக்கும் சில வரிகள் போதும். இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். விலையைப் பக்கத்தில் காட்டுங்கள், ஆனால் பக்கம் திருப்பி அனுப்பும் விலையை நம்பாதீர்கள். வாங்குபவர் அதை மாற்றி அனுப்ப முடியும். எத்தனை கிலோ என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, சர்வரில் மறுபடி கணக்குப் போடவேண்டும். அடுத்தது, வாடிக்கையாளர் அடித்த பெயரைத் திரையில் காட்ட 'டெக்ஸ்ட் கன்டென்ட்' என்ற வழியைப் பயன்படுத்துங்கள். அது எழுத்தை வெறும் எழுத்தாகவே போடும். 'இன்னர் ஹெச்டிஎம்எல்' என்ற வழி, யாராவது பெயருக்குப் பதில் நிரல் (கணினிக்கு எழுதும் கட்டளை வரிகள்) அடித்திருந்தால் அதை இயங்கவிட்டுவிடக்கூடும்.

ஆங்கிலம் தெரியாவிட்டால் எழுத முடியாதா?

கட்டளைகள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். ஒரு இருபது வார்த்தை பழகினால் தொடங்கிவிடலாம். ஆனால் பெட்டிகளுக்கும் கணக்குகளுக்கும் நீங்கள் வைக்கும் பெயர் தமிழிலேயே இருக்கலாம். 'ஏக்கர்', 'ஹெக்டேர்' என்று எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் பாதி பயம் போய்விடும் என்பது என் நம்பிக்கை.

முதல் பக்கமாக ஏக்கரை ஹெக்டேராக்கும் கணக்கைச் செய்து பாருங்கள். ஒரு பெட்டி, அதற்குக் கீழே ஒரு வரி. பெட்டியில் எண் மாறும்போதெல்லாம் அதை 0.4047-ஆல் பெருக்கிக் கீழ்வரியில் எழுதவேண்டும். பெட்டி காலியானால் வரி மறைய வேண்டும். எல்லாம் பக்கத்துக்குள்ளேயே இருப்பதால் போனில் சேமித்துவைத்தால் சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். 3 என்று அடியுங்கள். கீழே 1.21 என்று தொடங்கும் எண் வந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.