ஐந்தொகைக்குள் அடங்காத ஒரு படிப்பு



சென்ற மாதம் எமது சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒரு தாய் தொலைபேசி எடுத்திருந்தார். அவருடைய மகள் வரலாறு, மெய்யியல், இலக்கியம் எல்லாம் சேர்ந்த ஒரு பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். "கணக்கியல் படிக்கச் சொல்லுங்கோ அண்ணை, நீங்கள் சொன்னால் கேப்பாள்" என்றார். நான் கணக்காளன் என்பதால் என்னிடம் கேட்டார். அன்று நேரம் போதவில்லை. பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் வணிகமாணி முடித்தவன். 1992இல் லண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தபடியே கணக்காளர் பரீட்சைகளையும் முடித்தேன். அதன் பிறகு பல வருடங்களாக வரிப் படிவங்களைத் தவிர நான் ஊன்றி வாசித்தது எதுவும் இல்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு எனக்கு இரவில் நித்திரை வரவில்லை. ஊரில் நின்ற தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மனதை எதிலாவது செலுத்துங்கள் என்று வைத்தியர் சொன்னார். அப்படித்தான் 2010 ஒக்ரோபரில் திறந்த பல்கலைக்கழகத்தின் கலைத்துறை ஆரம்பப் பாடநெறியில் சேர்ந்தேன். "என்னப்பா, இந்த வயசில படிச்சு என்ன செய்யப் போறியள்?" என்று மனைவி கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்தப் பல்கலைக்கழகம் 1969இல் ஹரோல்ட் வில்சன் அரசாங்கத்தின் காலத்தில் அமைக்கப்பட்டது. முதல் மாணவர்கள் 1971இல் படிக்கத் தொடங்கினார்கள். சேர்வதற்குப் பொதுவாக முன் தகைமை எதுவும் தேவையில்லை. 2006 வரை இதன் பாடங்கள் பிபிசியில் ஒலி, ஒளிபரப்பாகின. வானொலிக்காரனாக இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நான் எடுத்த பாடநெறிக்கு 60 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 10 மணித்தியாலம், ஆக மொத்தம் 600 மணித்தியாலம். பட்டத்துக்கு 360 புள்ளிகள் வேண்டும்.

அதில் பாடங்கள் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. புகழ், மரபும் மறுப்பும், பண்பாடுகளின் சந்திப்பு என்று தலைப்புகள் இருந்தன. ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் பல துறைகள் வந்து போகும். கிளியோபாட்ரா, பரடே, செசான் மூவரும் ஒரே புத்தகத்துக்குள் இருந்தார்கள்.

பெனின் சிற்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரை 1897இல் பிரித்தானியப் படை கைப்பற்றி, அரண்மனையில் இருந்த ஆயிரக்கணக்கான பொருட்களை அள்ளிக்கொண்டு வந்தது. வெண்கலச் சிற்பங்கள் என்று பெயர் இருந்தாலும் அவற்றில் பல பித்தளை. நம் ஊர் நடராசரைப் போல மெழுகில் உரு அமைத்து வார்த்தவை. கலை படித்தவர் அவற்றின் வார்ப்பு நுட்பத்தைக் கேட்பார். வரலாறு படித்தவர் அவை எப்படி இங்கே வந்தன என்று கேட்பார். மெய்யியல் படித்தவரோ அவற்றை வைத்திருக்கும் உரிமை யாருக்கு என்பார். கணக்காளனான என் கண்ணில் பட்டது வேறு விஷயம். படையெடுப்புச் செலவை ஈடுகட்ட அவற்றில் ஒரு பகுதியை விற்றிருக்கிறார்கள். கொள்ளைப் பொருள் அங்கே வருமானமாகப் பதிவாகியிருக்கிறது.

என் முதல் ஒப்படைக்குக் குறைந்த புள்ளிதான் கிடைத்தது. இரு பக்க நியாயங்களையும் ஐந்தொகை போலச் சமப்படுத்தி எழுதியிருந்தேன். "உங்கள் முடிவு எங்கே?" என்று ஓரத்தில் ஆசிரியை எழுதியிருந்தார். கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், முடிவு எடுக்க எனக்குப் பயமாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த நிலையில்தான் பிளேட்டோவின் 'லாக்கீஸ்' கைக்கு வந்தது. வீரம் என்றால் என்ன என்று சோக்கிரட்டீஸ் இரண்டு தளபதிகளிடம் கேட்கிறார். தன் இடத்தில் நின்று, ஓடாமல் எதிரியுடன் பொருதுவதுதான் வீரம் என்கிறார் லாக்கீஸ். அப்படியானால் பின்வாங்கியபடியே போரிடும் சிதியரை என்ன சொல்வது என்று சோக்கிரட்டீஸ் திருப்பிக் கேட்கிறார். இதில் இன்னொன்றும் இருக்கிறது. லாக்கீஸ் சோக்கிரட்டீசை மதிப்பதற்குக் காரணம், டீலியம் போரில் தோற்றுப் பின்வாங்கியபோது அவர் நடந்துகொண்ட விதம்.

அந்தப் பக்கத்தை அன்றிரவு பல தடவை வாசித்தேன். நான் வந்தவன், தம்பி நின்றவன். வருடக்கணக்காக நான் இதை வரவு, செலவாகவே எழுதி வைத்திருந்தேன்: நின்றவன் வீரன், வந்தவன் கோழை. அந்தப் பதிவு சரியா என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. பிளேட்டோவும் விடை தரவில்லை. வீரம் என்னவென்று தெரியாமலேதான் அந்த உரையாடல் முடிகிறது.

அடுத்து வந்தது அன்ரிகனியின் கதை. சொபோகிளிஸின் கிரேக்க நாடகத்தை சீமஸ் ஹீனி 2004இல் ஆங்கிலத்தில் புதிதாக எழுதினார். இறந்த அண்ணனைப் புதைக்கக்கூடாது என்கிறான் அரசன் கிரெயோன். தங்கை மீறுகிறாள். என் தம்பிக்கும் ஒரு பிடி மண் போட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஊரில் இருக்கும் தங்கச்சி எந்தத் திகதியில் விளக்கு வைப்பது என்று தெரியாமல் மே மாதம் முழுவதும் வைக்கிறாள். இந்த நிலையில் நான் கிரெயோனின் பக்க நியாயத்தையும் எழுத வேண்டியிருந்தது. ஒரு கிழமை பேனையைத் தொடவில்லை. பிறகு எழுதினேன். அவனுடைய நியாயத்தை முழுமையாக எழுதிவிட்டு, அது ஏன் எனக்குப் போதாது என்பதையும் எழுதினேன். என் வாழ்க்கையில் "நான் கருதுகிறேன்" என்று எழுதிய முதல் கட்டுரை அதுதான். நித்திரை முழுதாகத் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தம்பியைப் பற்றி மனைவியுடனும் பிள்ளைகளுடனும் கதைக்கத் தொடங்கியது அந்தக் கிழமையில்தான்.

காசு விஷயத்தையும் சொல்லவேண்டும். நான் படித்த பாடநெறி இப்போது இல்லை, அதன் இடத்தில் அதே போன்ற வேறு பாடநெறிகள் நடக்கின்றன. 2012இல் இங்கிலாந்தில் கட்டணங்கள் கூடின. அதோடு பகுதிநேர மாணவர்களுக்கும் கல்விக் கடன் கிடைக்கத் தொடங்கியது. அகதி அந்தஸ்து உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பட்டம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. அதே பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்லேர்ன்' இணையத்தளத்தில் 2006 முதல் இலவசப் பாடங்கள் உண்டு.

தங்கச்சி, கணக்கியல் எனக்குச் சோறு போட்டது, அதைக் குறை சொல்லமாட்டேன். மகளின் படிப்பு முடிந்தவுடன் கையில் வேலை இருக்கும் என்றும் வாக்குத் தரமாட்டேன். ஆனால் முடிவெடுக்க முதல் 'லாக்கீஸை' மகளோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கோ. சின்னப் புத்தகம்தான். பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிப்பது, ஆயுதப் பயிற்சி கொடுப்பதா என்று இரண்டு தகப்பன்மார் கேட்பதோடுதான் அது தொடங்குகிறது. முடிவில் அவர்களில் ஒருவர் சோக்கிரட்டீசிடம், நாளை விடிய வீட்டுக்கு வாருங்கள், தொடர்ந்து பேசுவோம் என்கிறார்.

நீங்களும் அடுத்த சனிக்கிழமை திரும்ப எடுங்கோ. மகளையும் கதைக்கச் சொல்லுங்கோ.